சென்சாருக்கு வைத்த பொட்டு

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, தினமும் பெருமாளைச் சேவித்துக்கொண்டு, கூசாமல் ஒரு பொய் சொன்னவன் நான். எழுதினால் பாரம் குறையும் என்கிறாள் என் மனைவி. குறையுமா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் பத்தாவது படித்துவிட்டு ஐடிஐ முடித்த எலக்ட்ரீஷியன். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களில் மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் போர்டு வேலை பார்த்தே என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கம்ப்யூட்டர் எல்லாம் எனக்குத் தெரியாது. அதைக் கொண்டுவந்தவர் தம்பி. கூடப் பிறந்த தம்பி இல்லை. பாலக்கரைக்காரர், பாய் வீட்டுப் பிள்ளை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வளைகுடாவில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் எட்டு வருஷம் கருவிகள் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். லீவில் வந்திருந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் மக்கர் பண்ண, இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்தோம். அப்படித்தான் பழக்கம்.

அந்த லீவில்தான் அவர் தன் மகளை முதல்முதலாகப் பார்த்தார். குழந்தைக்கு நடக்கவும் பேசவும் வந்திருந்தது. ஏர்போர்ட்டில் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "மாமா வந்துட்டாங்க" என்று சொன்னதாம்.

"பெத்த புள்ள என்னைய மாமான்னுச்சுண்ணே. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா அதுக்கப்புறம் என்னால பொட்டியக் கட்ட முடியல."

பழைய கம்பெனியில் அவருக்காக இடம் வைத்திருந்தார்கள். ஆறு மாசத்துக்குள் திரும்பினால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குள் இங்கேயே ஒரு தொழில் நிலைத்துவிட்டால் போக வேண்டாம். தம்பிக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நிற்க வேண்டும்.

தொழில் இதுதான். கடைக்காரர்களுக்கும் மில்காரர்களுக்கும் அவரவர் வேலைக்குத் தகுந்தபடி சென்சார் பெட்டி செய்து கொடுப்பது. சூடு, ஈரம், தண்ணீர் மட்டம் எதுவானாலும் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு தப்பினால் முதலாளியின் போனுக்குச் சொல்லும், வேண்டுமானால் மோட்டாரையும் நிறுத்தும். தம்பி அதை ஐஓடி என்பார். என் மனைவிக்கு அது 'பேசுற பொட்டி'. ஒயரிங் என்னுடையது, புரோகிராம் அவருடையது.

தம்பியிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆர்டர் வந்ததும் பெட்டியில் கை வைக்க மாட்டார். அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வாழைப்பழக் குடோனில் அப்படி உட்கார்ந்துவிட்டு வந்து, "லோடு ஏத்தறப்ப கால் மணி நேரம் கதவு தொறந்தே கெடக்குண்ணே. அந்நேரம் நம்ம பொட்டி கத்துச்சுன்னா கடுப்புல ஒயரப் புடுங்கிருவாங்க. கதவு தொறந்திருந்தா கொஞ்சம் பொறுத்துக்கன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றார். மெஷினுக்குப் பொறுமை சொல்லிக் கொடுத்த மனுஷன்.

நாலைந்து சின்ன வேலைகள் செய்த பிறகு அந்த ரைஸ் மில் வந்தது. மண்ணச்சநல்லூரில் எனக்கு வெகுநாள் பழக்கமான முதலாளி. அவித்த நெல்லை டிரையரில் போட்டுச் சூடான காற்றில் காய வைப்பார்கள். குறைவாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். அதிகமாகக் காய்ந்தால் அரைக்கும்போது அரிசி உடைந்து குருணையாகப் போய்விடும். டிரையரின் உச்சியில் காற்று வெளியே வரும் இடத்தில் எங்கள் சென்சார். வரும் காற்றின் ஈரத்தைப் பார்த்து, நெல் பதமாகக் காய்ந்ததும் சூட்டை அது நிறுத்திவிட வேண்டும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தலையில் சல்லடை மாதிரி பொடிப் பொடி ஓட்டை போட்ட ஒரு மூடி. காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகும்.

"இந்த மூடிய மட்டும் யாரும் தொடப்படாதுங்க. கை எண்ணெய் பட்டாலே போச்சு" என்று தம்பி மில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். தொடாதீர்கள் என்று ஸ்டிக்கரும் ஒட்டினோம். தம்பிக்கு உயரம் என்றால் தலை சுற்றும். ஏணியில் ஏறி சென்சாரை மாட்டியது, இறக்கியது எல்லாமே நான்தான்.

ஒரு மாசம் அருமையாக ஓடியது. முதலாளி பக்கத்து மில்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வந்து காட்டினார். "தீபாவளிக்குள்ள இவங்களுக்கும் போட்டுக் குடுத்துருய்யா" என்றார். அன்றைக்குத் திரும்பும் வழியில் தம்பி டீக்கடையில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். "அந்தப் பயணப் பொட்டியப் பரண்ல ஏத்திரு. இன்ஷா அல்லாஹ், இனி அது எறங்க வேண்டாம்" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. "உங்க பண்டிகை, நீங்க பார்த்துக்கங்கண்ணே. பொரி மட்டும் பார்சல்" என்று தம்பி வரவில்லை. மில்லை அலசிவிட்டு, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நெல் ஏற்றும் எலிவேட்டருக்கு, மோட்டாருக்கு, தராசுக்கு, லாரிக்கு, கூட்டும் துடைப்பத்துக்குக்கூட வைத்தார்கள். நான் பேனல் போர்டுக்கு வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மேலே எங்கள் சென்சார் மட்டும் பொட்டில்லாமல் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் புதுத்துணி போட்டு நிற்க, ஒன்று மட்டும் பழைய துணியில் நிற்கிற மாதிரி இருந்தது. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடப் போவது அதுதானே. அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? ஆட்கள் எல்லாரும் வாசலில் லாரிப் பக்கம் இருந்த நேரம், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தோடு ஏணியில் ஏறினேன். மூடியின் மேல் மூன்று விரலால் அழுத்தி இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். "பெருமாளே, தம்பியத் திருப்பி அனுப்பிராதீங்க" என்று வேண்டிக்கொண்டேன். தொடக் கூடாது என்பது என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நினைவில் இருந்தது. தொடாதே என்றது அழுக்குக் கையை, சாமி காரியத்துக்கு என்ன என்று தோன்றியது.

மறுநாள் விஜயதசமிக்கு மில் ஓடியது. அடுத்த நாள் அரைத்தார்கள். முதலாளி போன் செய்தபோது அவர் குரலே வேறாக இருந்தது.

"வந்து பாருங்கய்யா ரெண்டு பேரும். அரிசி அரைச்சேனா ரவை அரைச்சேனான்னு நீங்களே சொல்லுங்க."

ஓடினோம். ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் பாதிக்கு மேல் குருணை. தம்பி லேப்டாப்பைத் திறந்து, "ஈரம் எறங்கவே இல்லண்ணே. கோடு நேராப் போகுது. நெல் காயக் காயக் கோடு கீழ வரணும்ல? எங்கணக்குல எங்கயோ தப்பு" என்று முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, எதுக்கும் மேல ஏறி சென்சாரப் பாத்துருங்க" என்றார்.

ஏறினேன். சந்தனம் சூட்டில் இறுகி, ஓடு மாதிரி மூடியை அடைத்திருந்தது. ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. உள்ளே சிக்கிய ஈரத்தையே அது திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கீழே முதலாளி, மேஸ்திரி, ஆட்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மூடியைக் கழற்றி, நகத்தால் சுரண்டி, துண்டால் துடைத்து, வாயால் ஊதி மாட்டினேன்.

"சுத்தமா இருக்காண்ணே?" என்று தம்பி கீழிருந்து கேட்டார்.

"சுத்தமா இருக்கு தம்பி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பூஜை போட்டதால் கெட்டது என்று ஊர் பேசினால் சாமிக்குக் கெட்ட பேர் என்று அன்றைக்கு என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சாமிக்கு என் தயவு வேண்டியிருந்ததா என்ன? முப்பது வருஷமாக மில் மில்லாக ஏறி இறங்கிய எலக்ட்ரீஷியன் இப்படி ஒரு காரியம் செய்தான் என்று அந்த ஆட்கள் சிரிப்பார்களே என்ற பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

அன்று போட்ட நெல் பதமாகக் காய்ந்தது. அடுத்ததும் அப்படியே. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது. தம்பி மூன்று நாள் மில்லிலேயே உட்கார்ந்து புரோகிராமை வரி வரியாகப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. இல்லாத தப்பு எப்படி அகப்படும்? நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தம்பி, நீங்க கெட்டிக்காரரு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதனால கெட்டுச்சு?"

"இன்னும் புடிபடல மொதலாளி. ஆனா இப்ப சரியாத்தான் ஓடுது."

"எதனால கெட்டுச்சுன்னு தெரியாமலே சரியாப் போச்சுன்னா, நாளைக்கு மறுபடி கெடும்ல? நா எத நம்பி நெல்லக் கொட்டுறது?"

தம்பி மறுபடியும் லேப்டாப்பைத் திறந்தார். பதில் என் துண்டில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு என் தோளில் கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியைக் கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மற்ற நாலு மில்காரர்களும் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆறு மாசம் முடிய மூன்று வாரம் இருந்தது.

ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். வண்டியில் அவர் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். மகள் அத்தாவின் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பட்டனைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். இப்போதெல்லாம் அத்தா என்று மட்டும்தான் கூப்பிடுவாள்.

"அத்தா, திங்கக்கெழம வந்துருவீங்களா?"

"எந்தத் திங்கக்கெழமம்மா?"

"ஸ்கூல் இருக்கிற திங்கக்கெழம."

அவர் குனிந்து குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். இறங்கியதும் என் கையைப் பிடித்தார். "அண்ணே, அந்த புரோகிராமக் கையோட கொண்டு போறேன். எங்க தப்பு விட்டேன்னு கண்டுபிடிக்காம எனக்குத் தூக்கம் வராதுண்ணே. உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டது அவர். கேட்டுக்கொண்டு நின்றது நான். அப்போதும் சொல்லவில்லை.

அதன் பிறகு கோயிலுக்குப் போனாலும் மனசு ஒட்டவில்லை. பெரிய பெருமாள் முன்னால் நின்று, மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பெருமாள் மன்னிக்கலாம். ஆனால் பிள்ளையைப் பிரிந்து கிடப்பது பெருமாள் இல்லையே.

மார்கழி முடிந்ததும் மில்லுக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியிடம் முதலில் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் அங்கே போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட என்னய்யா நீ! இவ்வளவுதானா? அன்னைக்கே சொல்லியிருந்தா தொடச்சுட்டு ஓட்டியிருப்போம்ல. எம் மேஸ்திரி போன வருஷம் தராசுல அரைக் கிலோ சந்தனத்த அப்பி வச்சான், அவனையே நா ஒண்ணும் சொல்லல. கூப்புடுய்யா அந்தப் பையன. நாலு மில்லுக்கும் நானே சொல்றேன்."

"அவரு போயிட்டாரு மொதலாளி. மூணு வருஷ காண்ட்ராக்ட்டு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ போ" என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை தம்பிக்குப் போன் செய்தேன். அன்று அவருக்கு லீவு. தொழுகை முடிந்து, சாப்பிட்டு, ரூமில் இருப்பார் என்று பார்த்துத்தான் கூப்பிட்டேன். வழக்கம்போல, "அண்ணே! அந்த புரோகிராமத் திருப்பி மொதல்லேருந்து எழுதிப் பார்க்கிறேண்ணே" என்று ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சந்தனம், ஏணி, துண்டு, நான் சொன்ன பொய், எல்லாம்.

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப எங்கணக்குல தப்பு இல்லையாண்ணே?"

"இல்ல தம்பி. ஒரு தப்பும் இல்ல."

"மூணு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தீங்கண்ணே."

"ஆமா தம்பி."

"டீ வாங்கிக் குடுத்தீங்க."

அழுதேன். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. "டூட்டிக்கு நேரமாச்சு, வைக்கிறேண்ணே" என்றார். வெள்ளிக்கிழமை அவருக்கு டூட்டி இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.