சாம்பிராணி காட்டிய எலிகள்

பிள்ளை இல்லை என்று சொல்லித்தான் பாவாத்தாளைப் புகுந்த வீட்டில் இருந்து அனுப்பினார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரிய மனிதர்கள், கட்டிய சேலையோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். அவள் நகரத்துக்கு வந்து, கணபதி என்கிற பகுதியில் ஒரு பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்து, ஒரு பார்மசி கல்லூரியின் எலிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே கல்லூரியில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிக்கூடத்து நாற்றத்தில் யாரும் நிலைத்ததில்லை. இவள் ஒட்டிக்கொண்டாள். வெள்ளெலிகளைக் "கண்ணு" என்று கூப்பிடுவாள். கூண்டைத் திறந்ததும் அவை அவள் கைமேல் ஏறிக்கொள்ளும். எங்களைத்தான் கடிக்கும்.

தொண்ணூற்றாறில் பேராசிரியர் சுந்தரராஜுலு புது ஆராய்ச்சி தொடங்கினார். மலைக்காட்டில் முளைக்கும் போதைக் காளானின் சாறு மனச்சோர்வுக்கு மருந்தாகுமா என்று பார்க்க வேண்டும். எலிக்கு எப்படி மனச்சோர்வு வரும்? வரவழைப்பார்கள். உயரமான கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி எலியை உள்ளே போடுவார்கள். அது நீந்தும், சுவரைப் பிறாண்டும், ஏற முடியாது என்று தெரிந்ததும் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சும்மா மிதக்கும். மறுநாள் பாதி எலிகளுக்குச் சாறும் மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீரும் ஊசி போட்டு மறுபடி ஜாடியில் விடுவார்கள். சாறு ஏறியது நீந்தி, மற்றது மிதந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

கூட்டிப் பெருக்குகிறவளுக்கு எதற்கு இந்த விளக்கமெல்லாம் என்று யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவளாக ஒன்று புரிந்துகொண்டாள். சோர்ந்து மிதக்கிற எலியைக் கொன்றுவிடுவார்கள், நீந்துகிற எலி பிழைத்துக்கொள்ளும்.

முதல் நாள் நனைந்து நடுங்கிய எலிகளைத் துவட்டிக் கூண்டில் விடுவது அவள் வேலை. பேராசிரியர் கிளம்பியதும் பழைய மண்சட்டியில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவினாள். தலைக்கு ஊற்றிய பச்சைக்குழந்தைக்குக் காட்டுவதுபோல, ஒவ்வோர் எலியையும் துணியில் பொதிந்து புகை காட்டினாள். தன் மடியில் ஒரு பிள்ளையைப் போட்டு அதைச் செய்யக் கொடுத்துவைக்காதவள்.

மறுநாள் எல்லா எலிகளும் நீந்தின. உப்புத்தண்ணீர் போட்டவையும் நீந்தின. வெளியே வந்தால் சூடும் ஒரு கையும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டனவோ என்னவோ. பேராசிரியர் குழம்பிப்போய்க் கூண்டில் கிடந்த துணியை எடுத்து முகர்ந்தார்.

"ஏனுங்க பாவாத்தா, இதென்ன சாம்பிராணி வாசம்?"

"நாந்தானுங்க சார். சளி புடிச்சுக்குமேன்னு காட்டிப்போட்டேன். பாருங்க, ஒண்ணுகூடச் சோரலீங்க. எல்லாத்தையும் உசுரோட உட்டுருவீங்கல்லங்க?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"சாறு போட்டத எப்படியும் அறுத்து மூளையப் பாக்கோணுங்க. உப்புத்தண்ணி போட்டதுகளக் குட்டி போட உட்டுறலாம்னு இருந்தேன். இப்ப எதுவும் ஆகாதுங்க, கணக்கே கெட்டுப்போச்சு. அத்தனையும் முடிச்சுப்போடுங்க, அம்மணி."

"ஊட்டுக்குக் கொண்டுபோயி வளத்திக்கறனுங்க."

"ஊசி போட்ட எலிய வெளிய உடக் கூடாதுங்க."

"வேற ஆரையாச்சும் செய்யச் சொல்லுங்க, சாமி."

"உங்க கைக்குத்தானுங்க கடிக்காம வருது."

ஒரு 'ங்க' கூடக் குறையாத மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும்.

மயக்கிக் கொல்வதற்கான ஈதரை ஸ்டோரில் அவளே கேட்டு வாங்கிப்போய், பஞ்சில் நனைத்து ஒரு மூடி போட்ட ஜாடியில் வைத்தாள். கூண்டைத் திறந்ததும் எலிகள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த தொகுதி எலிகள் வந்தபோது அவள் அவற்றோடு பேசவே இல்லை. முதல் நாள் ஜாடியில் இருந்து வாலைப் பிடித்துத் தூக்கி, ஈரத்தோடு கூண்டில் எறிந்தாள். மறுநாள் உப்புத்தண்ணீர் எலிகள் அத்தனையும் உள்ளே விட்ட உடனே மிதந்தன. பேராசிரியருக்கு ஏக சந்தோஷம்.

"இப்பத்தானுங்க பாவாத்தா, நீங்க வேலையக் கத்துக்கிட்டீங்க" என்றார்.