பாதியில் பாதி

தட்டச்சுப் பலகையை அவள் தட்டுவதில்லை, குத்துகிறாள். "ஐயா, முதல் கேடயம் நூறு புள்ளி அடியை ஐம்பதாக்கும். இரண்டாவது கேடயம் மிச்சமுள்ள அந்த ஐம்பதைத்தான் பாதியாக்கும். ஆகவே இருபத்தைந்து உங்கள் மேல் விழத்தான் செய்யும்." காலையிலிருந்து இது ஒன்பதாவது பதில்.

கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் ஆட்டக்காரர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. ஏழு வருடமாக. எல்லோருக்கும் அவள் 'கேடயம் அக்கா'. செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு, ஒரு காலை நாற்காலியில் மடித்துப் போட்டுக்கொண்டு, புகார்களை உரக்கப் படித்து உரக்கவே திட்டுவாள். எழுதும்போது மட்டும் 'ஐயா', 'அம்மா'.

"அம்பதும் அம்பதும் நூறாம்! ரெண்டு குடை பிடிச்சா மழையே நின்னுடுமா?"

வாளால் அடி ஐம்பது சதவீதம் கூடும், மோதிரத்தால் ஐம்பது கூடும் என்றால் நேராகக் கூட்டி அடியை இருமடங்காக்குகிறீர்களே, கேடயத்துக்கு மட்டும் ஏன் பாதியில் பாதி என்று சிலர் மடக்குவார்கள். "அதையும் கூட்டினா உன்னை யாருமே சாகடிக்க முடியாதேப்பா! அப்புறம் ஆட்டம் எதுக்கு?" என்று திரையைப் பார்த்துக் கை விரிப்பாள். வீட்டுக்குப் போனால் தங்கை, "அம்பது பர்சென்ட் தள்ளுபடி, அதுக்கு மேல இன்னொரு அம்பதாம். சும்மாவே தர்றான்க்கா!" என்பாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வது?

'ஒற்றைக்கண் புலி' என்ற பெயரில் ஆடுகிறவர் ஒரே மாதத்தில் நான்கு முறை எழுதிவிட்டார். மந்திரவாதியின் சாபம் பட்டால் அடி இருபது சதவீதம் கூடும். நூறு நூற்றிருபதாகும். இரண்டு கேடயமும் பாதி பாதியாக்கினால் முப்பது. "எனக்கு முப்பத்தைந்து விழுகிறது, அம்மா." முதல் மூன்று முறையும் கடிதத்தை முழுக்கப் படிக்காமலே பழைய பாடத்தை அனுப்பிவைத்தாள். நான்காவதோடு, வாங்கிய நாற்பது அடிகளையும் வரிசையாக எழுதிய தாள் ஒன்று இணைந்திருந்தது.

"விடமாட்டான் போலிருக்கே" என்று முனகியபடி ஆட்டத்துக்குள் போய் இரண்டு கேடயங்களையும் தானே மாட்டி, சாபமும் வாங்கி, பூதத்தின் முன் நின்றாள். முப்பத்தைந்து. மறுபடி நின்றாள். முப்பத்தைந்து. காது மடல் சுட்டது.

ஆட்டத்தின் கணக்குகளை எழுதிய புரோகிராமர் சன்னலோரம், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை உருட்டிப்போட்டு அரட்டையில் இருந்தார்.

"ஓ, அதுவா? சாபத்தோட இருபதை ரெண்டாவது கேடயத்தோட அம்பதுல கழிச்சிட்டேன். கேடயம் முப்பதாயிடும். அஞ்சு புள்ளிதானேக்கா, யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. அவருக்குக் கணக்கு வராதுன்னு மூணு தடவை நான் எழுதியிருக்கேன்."

'ஐயா, கணக்குத் தவறியது எங்களுக்குத்தான். மன்னியுங்கள். இன்று மாலைக்குள் திருத்திவிடுவோம்' என்ற பதிலை அவள் அனுப்பிவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தாள்.

"இன்னைக்கேவா? அடுத்த மாசம் பார்த்துக்கலாமே."

அவள் நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பற்றி, காபிக் கோப்பையும் கையுமாக இருந்த மனிதரை அப்படியே அவருடைய கணினி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள்.