கல்லுச்சாமி மூலை மண்

ஏற்காட்டு மலையில் எங்கள் வாழவந்தியில் கண்ணாயி அக்காவைத் தெரியாதவன் கிடையாது. கரடியூரிலிருந்து மாதப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். காப்பி, மிளகு, கொஞ்சம் ராகி, ரெண்டு மாடு. ஆனால் அவளிடம் ஒரு கோளாறு உண்டு. எதையும் ஒரு பக்கமாகச் செய்ய வராது. பலாப்பழம் அறுத்தால் தெருவில் எல்லா ஊட்டுக்கும் சுளை போகும், பேச்சுவார்த்தை இல்லாத ஊட்டுக்கும் போகும். ஓட்டுக் கேட்டு மூணு கட்சிக்காரனும் வந்தால் மூணு பேருக்கும் மோர். யாருக்குப் போட்டாள் என்று மாதப்பனுக்கே இன்றுவரை தெரியாது. அந்தக் கோளாறால் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தும் எனக்குப் பாதிதான் புரிந்தது.

சசிகலா என்று ஒரு பெண். சேலத்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். மண்ணுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா இருக்கிறதாம். அதில் யாரும் இதுவரை பார்க்காததைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் ஓட்டும் வாடகை ஜீப்பில்தான் வருவாள். ஏர் படாத மண் வேண்டும், ஒரே இடத்து மண்ணாக வேண்டும் என்றாள். கண்ணாயி தோட்டத்து மேல்கோடியில் கல்லுச்சாமி மூலை இருக்கிறது. நட்ட கல் ஒன்று, அதுதான் சாமி; சுற்றி நாலைந்து மரம். அந்த ஊட்டில் யாரும் அங்கே செருப்போடு போக மாட்டார்கள். இரும்பு படக் கூடாது. வெளியாள் கை வைக்கக் கூடாது.

"நீ இங்கயே நில்லு கண்ணு. நானே அள்ளியாறேன்" என்று பையையும், சசிகலா மருந்து போட்டுத் துடைத்துக் கொடுத்த மரக்கரண்டியையும் வாங்கிக்கொண்டு போனாள். வர நேரமானது. பை நிறைய மண்ணோடு வந்தாள். சசிகலா அதன்மேல் எழுதி ஒட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறு வருசம் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"அம்மா, உங்க மண்ணுல புதுசா ஒண்ணு கெடைச்சிருக்குங்க!"

கண்ணாயிக்கு முகம் செத்துப்போனது. "புதுசாவா? எப்பக் கண்ணு வந்துச்சு? காப்பிக்கு ஏதாச்சும் சீக்கா?"

"சீக்கில்லைங்கம்மா, நல்லதுதான். அது எப்பவோ இருந்து இருக்கறதுதான். நாங்க இப்பத்தான் பாத்தோம்."

"இருந்ததுன்னா அப்பறம் எப்படிப் புதுசு?" என்றான் மாதப்பன். "நானுந்தான் பொறந்ததுல இருந்து இங்க கெடக்கறேன். என்னை ஒருத்தரும் கண்டுபுடிக்கல."

சசிகலா சிரித்தாள். அதன் உடம்புக்குள்ளே எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறதாம். அதைப் படித்து, உலகத்தில் தெரிந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். எதோடும் சேரவில்லை. ஆகவே அது தனிச் சாதி. தனிப் பேர் வைக்க வேண்டும். "கெடைச்ச எடத்துப் பேரையே வெக்கறேங்கம்மா. கல்லுச்சாமின்னு வரும், கடைசியில லத்தீன்ல ஒரு வால் ஒட்டிக்குவோம். அடுத்த வாரம் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிருவேன்."

கண்ணாயி இனிப்பைத் தொடவில்லை. நான் ஜீப் பக்கம் போனதும் பின்னாலேயே வந்தாள்.

"தம்பி, அது சாமி மூலை மண்ணு மட்டும் இல்லடா."

"பின்ன?"

"வெதை குடுத்தா நாலு பக்கமும் அள்ளித்தானே குடுப்போம். மண்ணையும் அப்படித்தான் அள்ளுனேன். சாமிகிட்ட ஒரு கை, ராகிக் காட்டுல ஒரு கை, ஓடைக்கரையில ஒரு கை..." கொஞ்சம் இழுத்து, "சாணிக்குழி ஓரமா ஒரு கை" என்றாள்.

பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாதப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட கண்ணாயி! சாணிக்குழியில பொறந்ததுக்கு எங்க சாமி பேரா?"

"நீங்க வாய மூடுங்க" என்றாள். அவளுக்கு ரெண்டு பயம். சாமி பேர் சாணிக்குழிக் கிருமிக்குப் போய்விட்டால் ஊட்டுக்கு ஆகாது. சொல்லிவிட்டால் அந்தப் பெண் செய்த வேலையெல்லாம் என்னாகுமோ. கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு என்ன பேராக இருந்தால் என்ன, பேசாமல் இரு என்றேன். அவள் நேராகப் போய்ச் சசிகலாவிடமே சொல்லிவிட்டாள்.

சசிகலா அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்கம்மா, ஒரே எடம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"ஒரே தோட்டம்தானே கண்ணு."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. எங்கே கிடைத்தது என்று சரியாக எழுதாமல் புதுச் சாதி என்று சொன்னால், படித்துப் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்களாம். ஏர் படாத மண்ணில் வாழ்வது என்று வேறு எழுதி வைத்திருக்கிறாளாம். கடைசியில் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாலு இடத்திலும் தனித்தனிப் பையில் மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை கண்ணாயி அவளைச் சாமி மூலை வரைக்கும் வரவிட்டாள். செருப்பை மட்டும் கழற்றச் சொன்னாள்.

மழை முடிந்த சமயம் சசிகலா என் போனுக்குக் கூப்பிட்டாள். கண்ணாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டோம்.

"நாலு மண்ணுலயும் அது இல்லைங்கம்மா."

"சாணிக்குழியிலயுமா?"

"அங்கயும் இல்லைங்க. லேப்ல வளத்தது உசுரோடதான் இருக்குது. அள்ளுன மண்ணுல சிக்கலையா, இல்ல அந்த எடத்தை விட்டே போயிருச்சான்னு தெரியல."

"கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் மாதப்பன். யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன பேருங்கம்மா வெக்கறது?" குரலே இறங்கிப்போயிருந்தது.

கண்ணாயி போனுக்குக் கிட்டே குனிந்தாள். "ஊர்ப் பேரை வெய்யி கண்ணு. இந்த ஊருக்குள்ள எங்கயோ இருந்துச்சு. அதுல பொய்யில்ல."

"சரிங்கம்மா. ஒரு தோட்டத்துல கலந்து அள்ளுன மண்ணுன்னே எழுதிர்றேன். சாமி மூலை, ஏர் படாத மண்ணு, எல்லாத்தையும் எடுத்தர்றேன். எங்க புரொபசர் சார் திட்டுவாரு."

"திட்டுனா எனக்குப் போனப் போடச் சொல்லு."

அன்றைக்கே ஒரு படம் அனுப்பினாள். வட்டக் கண்ணாடித் தட்டில் மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. கண்ணாயி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இதுல எதுடா அது?"

"எல்லாமே அதுதானாம்க்கா."

"இத்தனையும் ஒண்ணா?"

எனக்கென்ன தெரியும்? ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

"சாமி பேர் இல்லையே?"

"இல்லக்கா. வாழவந்திதான்."

"அப்பச் சரி" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள். அது எங்கே பொறந்தது என்று அவளுக்கும் தெரியாது, சசிகலாவுக்கும் தெரியாது. அப்படியிருக்க எது சரியாகிவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை.