நாற்பத்து மூன்றாவது 'அ'

மஸ்கெலியாவிலிருந்து வந்த அந்த அக்கா அன்று, தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தார். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் எரிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உடுப்பு, பாத்திரம், தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பத்திரங்கள் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பத்திரங்களைச் சேமித்து வைக்கும் எங்கள் திட்டத்துக்காக நாங்கள் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வீடு வீடாகப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வந்திருந்தோம். ஆகவே அவருடைய அம்மாவின் பிறப்புப் பத்திரம் இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ஹட்டன் பஜாரில், ஒரு புடவைக் கடையின் மாடியில், நான் வேலை செய்யும் அறையில்.

கணினியில் அவருடைய தோட்டத்தின் கோப்புறையைத் திறந்தேன். பட்டியலை மேலும் கீழும் ஓட்டினேன். அந்தப் பெயர் இல்லை.

"இல்லீங்களா தங்கச்சி?" என்றார் அக்கா. "தீயில போனது போச்சு. இங்கயுமா போயிருச்சு?"

"இருக்கும்ங்க அக்கா. கொஞ்சம் பொறுங்க" என்றேன். எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

அறையில் நான்கு கணினிகள். எல்லாமே யாரோ கழித்துக் கொடுத்தவை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் திறந்த மூல மென்பொருளையே எல்லாவற்றிலும் போட்டிருந்தேன். ஸ்கேன்கள் முழுவதும் மூலையில் திரை இல்லாமல் நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தன. மற்ற மூன்று கணினிகளில் எதைத் திறந்தாலும், ஸ்கேன்கள் அதற்குள்ளேயே இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் நடுவே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். மெய்நிகர் கோப்பு முறைமை என்று அதற்குப் பெயர். எங்கோ இருக்கும் கோப்பைப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டுவதுதான் அதன் வேலை. அன்றுவரை அப்படியொன்று இருப்பதையே நான் நினைத்துப் பார்த்ததில்லை.

திரையொன்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் கறுப்புப் பெட்டியில் செருகினேன். பத்திரம் அங்கே இருந்தது. பழுப்பேறிய தாள், மூலையில் கறையான் தின்ற ஓட்டை, எல்லாம் அப்படியே. அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி, முந்தானையால் மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு மற்றத் தோட்டங்களின் கோப்புறைகளையும் சோதித்தேன். நூற்றுக்கணக்கான கோப்புகள் மூன்று கணினிகளிலும் தெரியவில்லை. இன்னும் சில தெரிந்தன, ஆனால் திறந்தால் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று வந்தது. கண்ணுக்கு முன்னால் இருப்பதையே இல்லை என்றது.

எங்கள் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பேரைப் பாருங்க, ரயில் மாதிரி நீளமா இருக்கு. எல்லாத்துக்கும் நம்பர் போட்டுருங்க. இல்லாட்டி இங்கிலீஷ்ல சுருக்கமா வைங்க. ஒரு வாரத்து வேலை."

பெயர்கள் நீளம்தான். ஆளின் பெயர், அம்மாவின் பெயர், டிவிசன், தோட்டம், என்ன பத்திரம் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருந்தோம். அதை நான்தான் வற்புறுத்தினேன். காரணம் இருந்தது. எங்கள் ஆட்களின் பத்திரங்களில் பெயர் சரியாக இருப்பது அபூர்வம். காதில் விழுந்ததை எழுதுவினைஞர் எழுதினார். அடுத்தவர் அதைப் பார்த்து வேறுமாதிரி எழுதினார். என் அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் வெறும் இலக்கம். ஸ்கேன் எடுக்கும்போது நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், "உங்க பேர நீங்க எப்படிச் சொல்வீங்க?" சொன்னபடி எழுதினேன். பலருக்கு அவர்கள் சொன்னபடி பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்தக் கோப்புதான்.

"நம்பர் போட மாட்டேன் சேர்" என்றேன். "பெரட்டுல எங்கள நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. இங்கயும் நம்பரா?"

"இது உணர்ச்சிவசப்படுற விஷயமில்ல. தொழில்நுட்பம்."

"தொழில்நுட்பத்துல பிழைன்னா அதத்தான் திருத்தணும். எங்க பேர இல்ல."

அவர் முகம் மாறியது. அடுத்த முறை வரும்போது மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்வோம் என்றார். "தாராளமா வைங்க சேர். கடவுச்சொல்ல எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். ஆனா என் கையால ஒரு பேரயும் வெட்ட மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு இணையத்தில் முறைப்பாடு எழுதினேன். என் ஆங்கிலத்தை நான்கு முறை திருத்திவிட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அவ்வளவு நீளமான பெயர் வைப்பது வழக்கமில்லை, ஆங்கில எழுத்தில் குறுகிய பெயர் வையுங்கள் என்று எழுதி, முறைப்பாட்டை மூடிவிட்டிருந்தார் ஒருவர். ஒருங்கிணைப்பாளர் கொழும்பில் இருந்துகொண்டு சொன்னதைத்தான் இவர் இன்னொரு கண்டத்தில் இருந்துகொண்டு சொன்னார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

பிழை எங்கே என்று நானே கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன். கறுப்புப் பெட்டியில் வெறுங்கோப்புகளைச் செய்தேன். முதல் கோப்பின் பெயர் 'அ'. அடுத்தது 'அஅ'. இப்படி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனேன். நாற்பத்திரண்டு 'அ' வரைக்கும் எல்லாம் தெரிந்தன. நாற்பத்து மூன்றாவதைச் சேர்த்ததும் கோப்பு மறைந்துவிட்டது. அதே நாற்பத்து மூன்றுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டேன். கோப்பு தெரிந்தது, ஆனால் திறக்கவில்லை.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணினிக்குள் ஓர் ஆங்கில எழுத்து ஓர் இடத்தை எடுக்கும். நம்முடைய 'அ' மூன்று இடங்களை எடுக்கும். 'கா' என்றால் ஆறு. நடுவில் ஓடும் அந்த நிரல் பெயருக்கென்று நூற்று இருபத்தேழு இடங்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டியெறிந்துகொண்டிருந்தது. வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால், அது எழுத்தே இல்லை என்று கோப்பை மறைத்தது. இரண்டு எழுத்துக்கு இடையில் விழுந்தால், அரைகுறைப் பெயரைக் காட்டிவிட்டு, அந்தப் பெயரில் கோப்பைத் தேடித் தோற்றது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு நூற்று இருபத்தேழு எழுத்து. எங்களுக்கு நாற்பத்திரண்டு, அதுவும் கொம்பு, கால், புள்ளி இல்லாமல்.

மூல நிரலை இறக்கிப் படித்தேன். கணினிப் பாடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். ஆனாலும் எந்த இலக்கத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அந்த வரியைப் பிடித்துவிட்டேன். இலக்கத்தை இரட்டிப்பாக்கித் திருத்தத்தை அனுப்பினேன். முறைப்பாட்டை மூடிய அதே மனிதர் அதைத் திருப்பி அனுப்பினார். "நீங்கள் சுவரை இடிக்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு யோசித்தால், அவர் சொன்னது சரி. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுபடி உட்கார்ந்தேன். பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும்படி அந்தப் பகுதியை மாற்றி எழுத வேண்டியிருந்தது. நான் தினமும் டிக்கோயாவிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸிலும், மழைக்கு ஒதுங்கிய கடை வாசலிலும் போனில் வாசித்து வாசித்துப் படித்தேன். இரண்டு தடவை நான் எழுதியது கணினியையே முடக்கியது. இதற்கிடையில் ஒருங்கிணைப்பாளர் வந்தார். ஒரு பெயரும் மாறவில்லை என்பதைப் பார்த்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும். "இன்னும் ஒரு மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை யாராவது பத்திரம் கேட்டு வந்தால், நான் திரையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய் எடுத்துக் கொடுத்தேன்.

புதிய திருத்தத்தோடு ஒரு சோதனையையும் சேர்த்து அனுப்பினேன். இனி யார் அந்த நிரலில் கை வைத்தாலும், நாற்பத்து மூன்று 'அ' கொண்ட ஒரு கோப்பு திறக்கிறதா என்று அது தானாகப் பார்க்கும். திறக்காவிட்டால் மாற்றத்தை ஏற்காது. இந்த முறை அறிமுகமில்லாத இன்னொருவர் இடையில் வந்து எழுதினார். தங்கள் மொழியிலும் இதே பிரச்சினை என்றும், எல்லோரும் பெயரைச் சுருக்கிச் சமாளித்துவந்தார்கள் என்றும் சொன்னார். மூன்று வாரம் கேள்விமேல் கேள்வியாக வந்தது. ஒன்றையும் விடாமல் பதில் எழுதினேன். கடைசியில் முதலில் மூடியவரே ஏற்றுக்கொண்டார். "வழக்கமில்லை என்று நான் எழுதியது தவறு" என்றும் எழுதினார்.

அதிகாரபூர்வப் பதிப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே மூன்று கணினிகளிலும் திருத்திய நிரலைப் போட்டேன். மறைந்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் வந்து உட்கார்ந்தன. கீழே புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை, எங்கள் நானாவை, மேலே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல என்ன புதுசு? பேரு இருக்கு, அவ்வளவுதானே" என்றார்.

"அவ்வளவுதான் நானா" என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் தன் மாத அறிக்கையில் 'தொழில்நுட்பக் கோளாறு சீர்செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதினார். யார் செய்தது என்று எழுதவில்லை. கேட்டேன். அறிக்கையில் தனியாள் பெயர் போடுவதில்லை என்றார். போட்டே ஆக வேண்டும் என்றேன். போட்டார், ஓர் எழுத்துப் பிழையோடு. அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன். அடுத்த பிரதியில் சரியாக வந்தது.

இப்போது ஸ்கேன் எடுக்கும் மென்பொருள் கொம்பையும் எழுத்தையும் பிரித்து அச்சிடுகிறது. அதற்கும் ஒரு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. மூல நிரலை இறக்கி வைத்திருக்கிறேன்.