மேல் டிவிசன், ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா

நேற்றுக் காலை பதுளை அலுவலகத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை நிர்மலா தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, நம்ம ஃபிரேம்வொர்க்ல இனி ரெண்டு மூணு விவரத்தச் சேத்து ஒரே பிரைமரி கீயா வைக்கலாமாம்!"

அவளுக்குச் சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடமாக எங்கேயடா போயிருந்தீர்கள் என்று முகம் தெரியாத யாரையோ மனதுக்குள் திட்டினேன். வாயில் டீ கசந்தது. அந்தக் கசப்போடு மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பிரைமரி கீ பெரிய வித்தை ஒன்றுமில்லை, நண்பரே. அட்டவணையில் ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமலிருக்க வைக்கும் அடையாளம். நாங்கள் வெப்சைட் கட்டப் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் அதற்கு ஒரே ஒரு கட்டத்தைத்தான் கொடுத்தது. எல்லாருக்கும் ஒற்றை எண் போதும் என்று நினைத்தவர்கள் எழுதியது. லயத்து ஆட்களுக்கு ஏது ஒற்றை எண்? தோட்டத்தில் எந்தப் பகுதி என்று டிவிசன், அதில் எந்த வரிசை வீடு என்று லயம், அதில் எந்த அறை என்று காம்பரா, மூன்றையும் சொன்னால்தான் ஒரு குடும்பம். கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்கு வந்து, அவர்களுக்கு மனம் வந்தால்தான் நம் கைக்கு வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மண் சரியும் இடங்களில் இருப்பவர்களுக்கு வேறிடத்தில் வீடு கொடுக்கப் பெயர் பதிந்தார்கள். அதற்கான வெப்சைட்டைச் செய்தவனும் நான், லேப்டாப்பைச் சுமந்து மலையேறிப் பதிந்தவனும் நான். மேல் டிவிசனில் முதல் பெயர் லெட்சுமி அக்கா. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

"செவுத்துல கைய வச்சிப் பாருங்க தம்பி, உள்ள போவுது," என்றார். போனது.

ஒற்றைக் கட்டத்துக்காக லய எண்ணையும் காம்பரா எண்ணையும் ஒட்டி 6-3 என்று வைத்தேன். டிவிசனை அதில் சேர்க்கவில்லை. ஏன் தெரியுமா? நானும் லயத்தில் பிறந்தவன். எங்கள் டிவிசனுக்குள் யாரும் டிவிசன் பெயரைச் சொல்வதில்லை. 'அஞ்சாம் லயம், கடைசிக் காம்பரா' என்றால் போதும், கல்யாணப் பத்திரிகை முதல் சாவுச் செய்தி வரை வந்து சேரும். டவுனில் பிறந்தவனாக இருந்தால் கேட்டுத் தெரிந்திருப்பான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அடுத்த வாரம் கீழ் டிவிசன். அங்கேயும் ஓர் ஆறாம் லயம். அதில் ஆபத்தென்று குறித்திருந்தது மூன்றாம் காம்பரா ஒன்றைத்தான். முனியாண்டி குடும்பம். பதிந்தேன். 6-3 ஏற்கெனவே இருக்கிறதே என்று ஃபிரேம்வொர்க் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பதிவைத் திருத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு, லெட்சுமி அக்காவின் மேலேயே முனியாண்டியை எழுதிவிட்டது.

வீடு கிடைத்தவர்களின் பட்டியலை ஒட்டிய மறுநாள், அதில் தன் பெயரைக் காணாத அக்கா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், அன்றைய வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் பதுளைக்கு வந்தார்.

"எம் பேர நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சத நான் கண்ணால பாத்தேனே தம்பி."

திரையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அதிகாரியிடம் ஓடினேன். தப்பு என்னுடையதுதான், ஒரே ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"லிஸ்ட் கொழும்புக்குப் போயிருச்சி. கம்ப்யூட்டர்ல இல்லாதவங்களுக்கு நான் எப்பிடி வீடு குடுக்குறது? அடுத்த லிஸ்ட்ல பாப்போம்."

அடுத்த லிஸ்ட் வரவேயில்லை. அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான். அக்கா திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "படிச்ச புள்ள, மனசுல வச்சிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஐப்பசி மழையில் மலை இறங்கி, மேல் டிவிசன் ஆறாம் லயம் மண்ணுக்குள் போனது. எல்லாரையும் முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்ததால் உயிர் போகவில்லை. பட்டியலில் இருந்த மற்றவர்கள் அங்கிருந்து புது வீட்டுக்குப் போனார்கள். அக்கா பிள்ளைகளோடு கொழும்பில் யார் வீட்டிலோ வேலைக்குப் போனதாகக் கேள்வி.

போன பங்குனியில் அவரைப் பற்றி விசாரிக்க அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மேல் டிவிசனில் ஆறாம் லயம் இருந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடந்தது. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் கொழுந்துச் சாக்கோடு வந்தார். லெட்சுமி அக்காவின் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"எந்த லெட்சுமிங்க?"

மேல் டிவிசன், ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா என்று முழுதாகச் சொன்னேன்.

"ஆறாம் லயமா? எங்க டிவிசன்ல லயம் அஞ்சோட முடிஞ்சிருதுங்களே," என்றார்.