தையலைப் பிரிக்க மறுத்த பரீதா ராத்தா

ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரை வீதி முடிகிற இடத்தில் நாங்கள் வழக்கம்போல் நடைக்குக் கூடி நின்றோம். எங்கள் எல்லோருக்கும் அக்காவான பரீதா ராத்தாவை மட்டும் காணவில்லை. "இண்டைக்கு ராத்தாக்கு நல்ல நித்திர போல" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசியது. மர்ஹூம் இஸ்மாயில் அவர்களின் மனைவி வபாத்தாகிவிட்டார் என்றது. ஊருக்கே உடுப்புத் தைத்தவரின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. அது யாருடைய வீடு என்று எங்களுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ராத்தாவின் வீட்டை நோக்கி அன்று நாங்கள் நடந்த வேகத்தில் முன்பு ஒருநாளும் நடந்ததில்லை.

ஜனாஸா வீட்டிலேயே அந்தக் கதை தொடங்கிவிட்டது. "நடந்து நடந்து என்னத்தக் கண்டா? நெஞ்சடச்சி ஒரேயடியாப் போயிட்டாவே!" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த நாளே எங்களில் சிலருக்கு வீட்டில் தடை வந்தது. என் மாமியும் சொன்னார்: "அவட கதயக் கேட்டு நடந்தது போதும் மகள். இனி ஊட்டோட இரிங்க." நடை அத்தோடு நின்றுபோகும் என்றுதான் ஊர் நினைத்தது. ராத்தாவை அறிந்தவர்களே, நான் அழுது முடித்துவிட்டேன். என்னத்தைக் கண்டா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அவருடைய தையற்கடைக்கு நான் முதலில் போனது ஒரு சட்டையோடு. உட்கார்ந்தே பார்க்கிற கந்தோர் வேலை எனக்கு, சட்டை இறுகிவிட்டது. எந்தத் தையற்காரரும் உள்ளே கொஞ்சம் துணி மடித்து வைத்துத்தான் தைப்பார், பின்னால் பிரித்துவிடலாம் என்று. ராத்தாவும் வைப்பார். ஆனால் பிரிக்கமாட்டார். பிள்ளை வயிற்றில் இருந்தாலோ, பால் கொடுக்கிறவளாக இருந்தாலோ கேட்காமலே பிரித்துத் தருவார். மற்றவர்களிடம் முதற்கேள்வி ஒன்றுதான்: "சீனி, பிரஷர் பாத்தியா?" நான் இல்லை என்றேன். சட்டையைச் சுருட்டி என் கையிலேயே தந்தார். "துணி கிடக்கு. நான் பிரிக்கமாட்டன். முதல்ல போய்ப் பாத்துட்டு வா. நாளைக்கு விடிய கடற்கரைக்கும் வா." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தோடுதான் போய்ச் சோதித்தேன். சீனி நோய் இருந்தது.

அவருக்கும் இருந்தது. அவருடைய தங்கைக்கும் இருந்தது. தங்கை அதைப் பொருட்படுத்தவில்லை. காலில் வந்த புண்ணைக் காலோடு சேர்த்தே ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று. தங்கையின் சட்டைகளைப் பலமுறை பிரித்துக் கொடுத்தது தன் கைதான் என்று ராத்தா சொல்வார். அதற்குப் பிறகுதான் மறுக்கத் தொடங்கினார். அதனால் வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர்கள் கொஞ்சப் பேரல்ல.

ஒருநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கடற்கரையில் எங்களை மறித்தார். கரைவலை இழுக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "பொம்புளையள் இப்படிக் கூட்டமா நடக்கிறது சரியா?" என்று கேட்டார். நாங்கள் முந்தானையைச் சரிசெய்தோம். ராத்தா மட்டும் நிமிர்ந்து நின்று, அண்ணனிடம் பேசுவதுபோல் சொன்னார். "கிளினிக்கில இதே பொம்புளையள் கூட்டமா நிக்கிறம். அங்க வந்து ஒருத்தரும் கேக்கல்லயே காக்கா? அங்க நிக்கிற கூட்டம் குறையட்டும் எண்டுதான் இஞ்ச நடக்கிறம்." அவர் வந்த வழியே திரும்பிப் போனார். பிறகு அவருடைய மனைவியே எங்களோடு வந்து சேர்ந்தார்.

கணவர் இஸ்மாயில் மௌத்தாகி ஊரே துக்கம் கேட்க வந்தபோதும் ராத்தா மாறவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். சீனிப் பாத்திரத்தைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். மையித்து வீட்டில் எப்படிக் கேட்பது? கசப்பாகவே குடித்துவிட்டு வெளியே போய்க் கஞ்சப்பிசினாறி என்று திட்டினார்கள். கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா மாதங்களில் அவர் வாசற்படி தாண்டவில்லை. ஆனால் வளவுக்குள் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பார்க்கப் போன நான் அவரையே பார்த்து நின்றேன். "என்னகா பாக்காய்? வெளிய போறதுக்குத்தான் தடை. நடக்கிறதுக்கு இல்ல."

சாகாமல் இருக்க நடக்கிறோம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நடந்தால் மருந்தை விட்டுவிடலாம் என்றும் சொன்னதில்லை. "குளிசையையும் போடு, நடையையும் போடு" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "மௌத்து அல்லாட கையில. அது வருமட்டும் எண்ட கால்ல நிக்கோணும்." கடைசி நாள் மாலை வரைக்கும் தையல் மெஷினைத் தன் இரண்டு காலாலும் மிதித்தார். என்னத்தைக் கண்டா என்று கேட்கிறவர்களே, இதைக் கண்டார்.

அவர் எனக்கு ஓர் அபாயா தைத்துத் தந்திருந்தார். எட்டி வைத்து நடக்கக் கீழ்விளிம்பை அகலமாக விட்ட, நடைக்கென்றே தைத்த அபாயா. மாமி சொன்னபடி வீட்டோடு இருந்த நாட்களில் அது கமுக்கட்டில் இறுகிவிட்டது. "உள்ளுக்குத் துணி கிடக்கே, கடையில குடுத்துப் பிரிச்சிக்கங்க மகள்" என்றார் மாமி. திருப்பிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே இருந்தது, அதன்மேல் ராத்தாவின் நெருக்கமான தையல்.

"ஓம் மாமி, கிடக்கு. பிரிக்கமாட்டன்."

இறுக்கத்தோடு அதை மாட்டிக்கொண்டு கடற்கரை வீதி முடிகிற இடத்துக்குப் போனேன். வீட்டில் தடுக்கப்பட்டவர்களில் ஒருத்தி எனக்கு முன்பே வந்து நின்றாள். பெரியவரின் மனைவியும் வந்தார். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. ராத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தையல்தான். அதைப் பிரிக்க நான் யாருக்கும் விடமாட்டேன்.