மேஸ்திரி இல்லாத கடற்கரை

குன்னூரில் ஒரு பழைய சாமான் கடையில், தரையில் சாய்த்து வைத்திருந்த எண்ணெய் ஓவியத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கடற்கரையில் ஆண்கள் வலை இழுக்கிறார்கள்; பெண்கள் கூடைகளோடு காத்திருக்கிறார்கள். சட்டத்தின் உடைந்த மூலைகூட அதேதான்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் துரையின் பங்களாவில், குளிர்காயும் கணப்புக்கு மேலே உயரத்தில் இது மாட்டியிருந்தது. கொழுந்து பறிக்கும் அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தூசி தட்டப் போவாள். நானும் ஒட்டிக்கொள்வேன். அந்த அறையில் ஈரக் கம்பளியும் யூகலிப்டஸ் புகையும் கலந்து மணக்கும். அம்மா ஸ்டூலில் ஏறி, முந்தானையால் படத்தைத் துடைப்பாள். நாங்கள் இருவருமே கடலைப் பார்த்ததில்லை.

"எதுக்கும்மா கூடையோட நிக்கறாங்க?"

"எடை போடத்தான் கண்ணு. ஆனா பாரு, கூடையை முதுகுல மாட்டத் தெரியல, இடுப்புல வெச்சிருக்காங்க."

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும்போது, வேலை வாங்கும் மேஸ்திரி குடையோடு நிற்பார். பெண்கள் சிரித்தால் அதட்டுவார்.

"இங்க மேஸ்திரி எங்கம்மா?"

அம்மா படத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள்.

"அங்கெல்லாம் மேஸ்திரி கிடையாது கண்ணு. அதான் இப்படிச் சிரிக்கறாங்க."

அன்றிலிருந்து எனக்குக் கடல் என்றால் அதுதான். அம்மா கடலைப் பார்க்காமலேயே கண்ணை மூடினாள்.

"வேணுங்களா?" என்றார் கடைக்காரர்.

படத்தின் முன் குந்தி உட்கார்ந்தேன். அன்று அண்ணாந்து பார்த்த எனக்குத் தெரியாத ஓரத்தில், படகின் நிழலில், கறுப்புக் குடையோடு ஒருவர் நின்றிருந்தார்.

அவர் முகத்தில் மட்டும், துடைத்துத் துடைத்துச் சாயம் தேய்ந்து, உள்ளிருக்கும் துணி தெரிந்தது.